வயலிற் பயறு, வீட்டிற் புரதம்

காரைநகரில் ஆறும் இல்லை, வாய்க்காற் பாசனமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியை நம்பியே காலபோக நெல் விளைகின்றது. தை, மாசியில் அரிவி வெட்டு முடிந்ததும் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு 60 அல்லது 65 நாளில் முதிரக்கூடியது பயறு. எம்.ஐ. 5, எம்.ஐ. 6 ஆகியன அத்தகைய குறுங்கால இனங்கள். உவர் ஏறிய தரவையை அடுத்த தாழ்நிலம் இதற்கு ஆகாது. மேட்டு வயலையே தெரிந்து விதைத்தல் வேண்டும்.

விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிட்டு, அப்பணத்திற் கடையில் மைசூர்ப் பருப்பு வாங்குவோர் பலர். அப்பருப்போ கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. சத்திலே பயறு அதற்கு இளைத்ததன்று. 100 கிராம் உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அதே நிறை அரிசியில் 7 கிராம் அளவே உளது. மேலும், அரிசிப் புரதத்தில் இலைசின் என்னும் கூறு குறைவு, பயற்றில் அது மிகுதி. பயற்றிற் குறைந்த மெதியோனினை அரிசி தருகின்றது. ஆதலின் இரண்டும் ஒருநாள் உணவிற் சேரின் ஒன்றன் குறையை மற்றது நிரப்பும். பச்சையரிசியோடு வறுத்த பயறு இட்டுப் பொங்கிய நம் முன்னோர் இக்கணக்கை அறிந்திலர். எனினும் சேர்க்கை பிழைக்கவில்லை.

கோடையிற் பல கிணறுகளின் நீர் உவர்த்து, மரக்கறித் தோட்டம் வாடும் காலத்தில் முளைப்பயறு பெரிதும் உதவும். பயற்றை இரவு முழுதும் ஊறவிட்டு, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் முளை தோன்றும். உலர்ந்த விதையில் மிகக் குறைவாயிருந்த உயிர்ச்சத்து 'சி' முளையிற் பெருகும். நெடுநேரம் அவித்தால் அஃது அழிந்துபோம். வெங்காயம் தாளித்து, முளையைச் சிறிது நேரம் வதக்கி, தேங்காய்ப்பூத் தூவி, இறக்கியபின் தேசிப்புளி விடுக. பயற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு அப்புளி துணை செய்யும்; உண்ட கையோடு குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். இரத்தச் சோகையுள்ள கர்ப்பிணிகள் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று. விரைவில் வேகட்டும் என்று அப்பச்சோடா இடுவோர் உயிர்ச்சத்து 'பி1'ஐ இழக்கின்றனர். முன்கூட்டி ஊறவைத்தாலே போதும்.

பயற்றம் பணியாரத்தின் சுவையை எவரும் மறுக்கார். வறுத்துத் திரித்த மாவுடன் தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலம், பாகு சேர்த்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரித்த அப்பண்டம் கலியாண வீட்டுக்கு உரியது. பாலருக்கு நாள்தோறும் கொடுக்க அவித்த பயறும் பயற்றங்கஞ்சியுமே மேல்.

இவையெல்லாம் வண்டு விட்டுவைத்தால் அன்றோ! வண்டு பெரும்பாலும் வீட்டிற் பிறப்பதன்று. வயலில் முதிர்ந்த நெற்றிலேயே முட்டையிட்டு, விதையோடு வந்து சேர்கின்றது. எனவே நெற்றுக் கறுத்ததும் தாமதியாது பறித்து, விதை பல்லிற் கடித்தால் தெறிக்கும்வரை வெயிலிற் காயவிடுக. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் வீதம் நன்றாகப் பிசறி, இறுகிய மூடியுள்ள தகரப்பேணியில் இடுக.

ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் எனக் கொண்டால், ஐவர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 55 கிலோ வேண்டும். அதனை அளந்து ஒதுக்கிய பின்னரே மிகுதியை வியாபாரிக்குக் கொடுக்க.