காட்டுப்பன்றியின் இரத்தம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் சுரங்க ரயிலை விட்டிறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஓஸ்ட்மார்க்கா காடு. அதன் ஓரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் இன்று மிருக வைத்தியமும் ஆய்வுகூட வேலையும் படிக்கிறார்கள். பன்றியின் இரத்தத்தில் பக்டீரியா தேடும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன்.

1. நோர்வேயில் காட்டுப்பன்றியை அந்நிய இனமாகத்தான் கணக்கெடுத்திருக்கிறார்கள். சுவீடனிலிருந்து எல்லை தாண்டி வருகிறது. ஹால்டன், ஆரெமார்க் பக்கம்தான் அதிகம். முடிந்தவரை குறைந்த எண்ணிக்கை, முடிந்தவரை சிறிய பரப்பு என்பதே 2020–2024 செயல்திட்டத்தின் இலக்காக இருந்தது. ஆகவே கிடைக்கும் மாதிரிகள் கொஞ்சம். அவையும் வேட்டைக்காரர் கையால்தான் வரும். அவரோடு முதலில் பழகுங்கள்.

2. செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு மத்தில்சீனே என்னும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 2023 செப்டெம்பரில் சுவீடனின் ஃபாகர்ஸ்டா அருகே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அது வைரஸ், நாம் தேடுவது வேறு. ஆனால் உங்கள் சப்பாத்தில் ஒட்டினால் பன்றிப் பண்ணை வரைக்கும் போகும்.

3. இரத்தம் எடுப்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. குண்டு குடலைக் கிழித்திருந்தால் நெஞ்சறையில் தேங்கிய இரத்தத்தில் மலமும் கலந்திருக்கும். முடிந்தால் இதயத்திலிருந்தோ பெரிய நாளத்திலிருந்தோ எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாய். சீரத்துக்குச் சிவப்பு மூடி. குளிர்காலத்தில் குழாயைப் பனியில் குத்தி வைக்கும் பழக்கம் வேண்டாம். சீரம் பிரிக்குமுன் இரத்தம் பனிக்கட்டியாக உறைந்தால் செங்கலங்கள் வெடித்து எல்லாம் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு பிசிஆர் என்னும் மரபணுச் சோதனையையும் தடுக்கும். குளிரட்டைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துணியாவது வையுங்கள். கையுறை கட்டாயம்: லெப்டோஸ்பைராவும் புரூசெல்லாவும் மனிதருக்கும் தொற்றும்.

4. நாம் தேடும் பக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா சூயிஸ் செங்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வது. செல்சுவர் கிடையாது, ஆகவே பெனிசிலின் அதைத் தொடாது. ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தெடுக்கவும் முடிவதில்லை. முன்பெல்லாம் கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி, கீம்சா சாயமிட்டுப் பார்ப்பதுதான் வழி. இன்றும் அதைப் பழகுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சாயத் துகளும் இந்த பக்டீரியாவும் ஒன்றுபோலவே தோன்றும். கிருமி குறைவாக உள்ள மிருகத்தில் ஒன்றுமே தெரியாது. குழாயில் நேரம் போகப்போகக் கிருமி செங்கலத்தை விட்டுக் கழன்றுவிடும், ஆகவே தகட்டை இரத்தம் எடுத்த இடத்திலேயே பூசிவிடுங்கள். தீர்ப்புச் சொல்வது பிசிஆர். அதிலும் பன்றியின் சொந்த மரபணு ஒன்றைச் சேர்த்துச் சோதியுங்கள். அதுவே தெரியவில்லையென்றால் உங்கள் ‘இல்லை’ என்ற முடிவுக்குப் பெறுமதி இல்லை.

5. அடைப்பில் வளரும் பன்றிகளிடம் இரத்தம் எடுப்பதானால் ஒவ்வொரு மிருகத்துக்கும் புது ஊசி. இந்தத் தொற்று இரத்தத்தோடு இரத்தம் கலந்து பரவுவது. பேனும் சண்டைக் காயமும் செய்வதை ஊசியும் செய்யும். நோய் தேடப் போனவரே நோயை விதைப்பதை நான் மன்னிக்க மாட்டேன்.

6. உங்களில் யாராவது நாளை தென் அமெரிக்கா போய் பெக்கரிகளைச் சோதிக்கலாம். பார்வைக்குப் பன்றி, ஆனால் குடும்பம் வேறு. பொதுவான பிசிஆர் ஒன்றில் விடை வந்துவிட்டது என்று உடனே ‘சூயிஸ்’ என எழுதாதீர்கள். மரபணு வரிசையைப் படித்துப் பார்த்த பிறகே பெயர் வையுங்கள். காட்டு மந்தையையும் அடைப்பு மந்தையையும் ஒப்பிடுவதானால் எடுக்கும் முறையும் சோதிக்கும் முறையும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது உங்கள் குழாய்களின் வித்தியாசத்தை.

7. கிருமியின் மரபணு கிடைத்தது என்றால் மிருகம் நோயாளி என்று அர்த்தமில்லை. பல பன்றிகள் சுகமாக இருந்தபடியே அதைச் சுமக்கும். பண்ணைக்காரரைப் பயமுறுத்துமுன் இரத்தச்சோகை உண்டா, குட்டிகள் தேறுகின்றனவா என்று கேளுங்கள்.

8. முடிவை வேட்டைக்காரருக்கும் எழுதி அனுப்புங்கள், ஒன்றும் இல்லையென்று வந்தாலும்கூட. சுட்ட இடம், திகதி, ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது என்று அந்தக் குளிரில் நின்று குறித்துத் தந்தவர் அவர்.