நான்கே நகர்வில் முடிந்த ஆட்டம்

பிள்ளைகள் சதுரங்கப் பலகையில் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு இப்பாடத்தைப் படிப்பார்களாக. பெரியோரும் உடன் அமரலாம்.

1933ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அதில் ஸ்காட்லாந்து அணிக்காக வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் ராபர்ட் கோம்ப். சதுரங்கத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர் அவர். எதிரே லாட்வியா நாட்டு ஹாசன்ஃபுஸ் அமர்ந்திருந்தார்.

வெள்ளை, அரசியின் முன்நின்ற சிப்பாயை இரு கட்டம் நகர்த்தியது. கறுப்போ, அரசியை அடுத்த மந்திரியின் முன்நின்ற சிப்பாயை இரு கட்டம் நகர்த்தியது. வெள்ளையும் தன் பக்கத்தில் அதே மந்திரியின் சிப்பாயை இரு கட்டம் நகர்த்த, கறுப்புச் சிப்பாய் வெள்ளையின் முதற்சிப்பாயை வெட்டியது. அச்சிப்பாயை மீட்க வெள்ளை, அரசன் பக்கத்துக் குதிரையை முன்னே கொணர்ந்தது. கறுப்பு தன் அரசனின் முன்நின்ற சிப்பாயை இரு கட்டம் நகர்த்தி, வெட்டிய சிப்பாய்க்குக் காவல் அமைத்தது.

இங்கே சற்று நிறுத்துவோம். காவலுக்கு வந்த சிப்பாய்க்குக் காவல் இல்லை. குதிரை அதனை வெட்டலாம். வெட்டியது.

கறுப்பு அரசி குறுக்காகச் சென்று பலகையின் ஓரத்தில் நின்றது. மூலைவிட்டத்தில் வெள்ளை அரசனுக்குச் செக். நேர்வரிசையில் குதிரைக்குக் குறி. அரசனைக் காத்தால் குதிரை போகும். கோம்ப் அவ்விடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த இரு வழிகளையும் அடைத்திருந்த சிப்பாய்கள் முதல் இரு நகர்வுகளிலேயே விலகிவிட்டன என்பதைப் பலகையில் விரல் வைத்துப் பார்க்க.

இவ்வாறு தோற்ற பிள்ளை பலகையை மூடிவைத்துவிடுவதை ஆசிரியப் பணியில் பலகாலும் கண்டுள்ளோம். அப்பிள்ளையிடம் ‘கவனமாக ஆடு’ என்பதால் பயன் யாதுமில்லை. எங்கே பார்ப்பது என்று அது கூறுவதில்லையன்றோ? ‘நீ வெட்டிய பின் எதிரி எங்கிருந்து செக் கூறக்கூடும்?’ என்று கேட்பதே தகும். நாடறிய நான்கே நகர்வில் தோற்ற கோம்ப் பலகையை மூடிவிடவில்லை. 1946இல் நாட்டிங்காமில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் பட்டம் வென்றவர் அவரே.

இனிப் பயிற்சி. மூன்றாம் நகர்வு வரை காய்களை மீண்டும் அடுக்குக. குதிரையால் வெட்டாமல், வெள்ளை அரசனின் முன்நின்ற சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துக. கறுப்பு அரசி அதே ஓரத்திற்கு வந்து செக் கூறினால், எந்தெந்தக் காய்களால் மறைக்கலாம்? இம்முறை ஏதேனும் காய் பறிபோகுமா?