ஆங்கிலம் கற்போம்: பெயரடைக்குப் பின் வரும் சிறு சொல்

எழுதுவினைஞனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பினால் களைத்துப் போய் ஒருநாள் லீவு கேட்டு எழுதினேன். "ஐ ஆம் ரயர்ட் ஒவ் த வேர்க்" என்பது அக்கடிதத்தின் முதல் வசனம். பிரதம இலிகிதர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வேலை வெறுத்துப் போனால் லீவு எதற்கு? ராஜினாமாக் கடிதமே தரலாமே" என்றார்.

பிழை 'ஒவ்' என்ற ஒரு சொல்லிலேதான். 'ரயர்ட் ஃப்றொம்' என்றால் வேலையால் களைப்பு. 'ரயர்ட் ஒவ்' என்றால் அலுப்பு, வெறுப்பு.

மாணவர்கள் இவ்விடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வருகின்றது. நாம் அவ்வுருபையே ஆங்கிலத்துக்கு மாற்றப் பார்க்கிறோம். ஆங்கிலத்திலோ எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதை முன்னே நிற்கும் பெயரடையே தீர்மானிக்கின்றது. 'கணக்கில் கெட்டிக்காரி' என்பதிலுள்ள 'இல்' உருபைப் பார்த்து 'இன்' போடுகிறோம். ஆங்கிலேயர் சொல்வது 'குட் அற்'. 'நாய்க்குப் பயம்' என்பதற்கு 'ரு' அன்று, 'அஃப்ரெய்ட் ஒவ்'. 'அவனில் பொறாமை' என்பதும் 'ஜெலஸ் ஒவ்' தான். 'ஆசிரியரோடு கலியாணம்' என்பதை 'மரிட் வித்' என்று எழுதாதவர் குறைவு. சரியானது 'மரிட் ரு'. 'மரிட் வித் த்றீ சில்ட்றன்' என்றும் சொல்வதுண்டு. அதன் பொருள், மணமாகி மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே!

ஒரே பெயரடை வெவ்வேறு முன்னிடைச்சொற்களோடும் வரும். 'குட் அற்' திறமையைக் குறிக்கும். 'குட் ஃபோர்' என்றால் உடலுக்கோ வாழ்வுக்கோ நல்லது. 'குட் ரு மீ' என்றால் என்னிடம் அன்பாக நடந்தார்.

வேலைக்கு விண்ணப்பிப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகிய நான்கும். 'சீனியர் தான் மீ' என்று எழுதுவது பிழை. 'சீனியர் ரு மீ' என்பதே சரி. இவை இலத்தீனிலிருந்து வந்தவை. அங்கேயே ஒப்பீட்டுப் பொருள் பெற்றுவிட்டன. ஆகவே 'தான்' இவற்றோடு சேராது. 'எனக்கு மூத்தவர்' என்று நாம் சொல்வதை நினைத்தால் 'ரு' தானாக வரும். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கின்றது.

முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது 'இங்' ஏற்கும். 'குட் அற் ரைப்பிங்', 'இன்ரறெஸ்ரெட் இன் லேர்னிங்' என்பன போல. 'ரு' வரும்போதுதான் பலர் ஏமாறுகின்றனர். 'ஐ ஆம் யூஸ்ட் ரு கெற்றிங் அப் ஏர்லி' என்றால் அதிகாலையில் எழும்பிப் பழகியவன். 'ஐ யூஸ்ட் ரு கெற் அப் ஏர்லி' என்றால் முன்பு எழும்பினேன், இப்போது அப்படியில்லை. நேர்முகப் பரீட்சையில் முதலாவதைச் சொல்ல நினைத்து இரண்டாவதைச் சொன்னால், சோம்பேறி என்று நீரே ஒப்புக்கொண்டதாகும்.

'டிஃபரன்ற்' என்பதற்குப் பிரித்தானியர் 'ஃப்றொம்', 'ரு' இரண்டும், அமெரிக்கர் 'தான்' என்பதும் வழங்குவர். 'ஃப்றொம்' எழுதினால் எவரும் பிழை சொல்லார்.

பட்டியலைப் பாடமாக்கியவர் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார். பெயரடையையும் அதன் துணையையும் ஒரே சொல்லாகக் கொண்டு, உமது வீட்டுச் சங்கதி ஒன்றை வைத்து வசனம் எழுதிக்கொள்ளும்.

பயிற்சி: இவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. அம்மா என்னையிட்டுப் பெருமைப்படுகிறார். அவனில் எனக்குக் கோபமில்லை. வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது. இக்கணக்குகளுக்கு நான் முகாமையாளரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும்.

விடை: முறையே ப்றவுட் ஒவ், அங்கிறி வித், ஃபுல் ஒவ், கடைசி வசனத்தில் கணக்குக்கு 'ரெஸ்பொன்சிபிள் ஃபோர்', முகாமையாளருக்கு 'ரெஸ்பொன்சிபிள் ரு'.