கலைவாணரும் நகைச்சுவையும்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு நிலைக்களம் நான்கு என வகுத்தார் தொல்காப்பியனார். அவற்றுள் பேதைமை, மடன், இளமை என்னும் மூன்றும் எளிதில் விளங்குவன. எஞ்சிய எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துகின்றார்: நாம் பிறரை இகழ்ந்து நகுதல் ஒன்று, பிறர் நம்மை இகழ்ந்தவழி நாமே நகுதல் மற்றொன்று. முன்னையது யாவர்க்கும் எளிது. பின்னையதனையே தம் கலைக்கு உயிராகக் கொண்டவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் என்பது எம் கருத்து.

அவர் 1908 நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் எளிய குடும்பத்திற் பிறந்தார். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு அவர் செவியில் இளமையிலேயே புகுந்தது. அப்பாட்டில் தலைவர் கதை சொல்ல, உடனிருப்போர் அதனை வாங்கிப் பாடியும், வினவியும், சில வேளைகளில் மறுத்தும் நடத்துவர். பின்னாளில் அவருடைய நகைச்சுவை உரையாடல்கள் பெற்ற அமைப்பும் இதுவேயாம். டி. கே. எஸ். சகோதரர் நாடகக் குழுவில் அவர் பயின்றார். பாடத் தெரியாத நடிகனுக்கு அக்காலத்து மேடையில் இடம் அரிது. பபூனுக்கும் பாட்டு வேண்டும்.

1935இல் வெளிவந்த ‘மேனகா’ அவரைத் திரையில் காட்டியது. அடுத்த ஆண்டு வந்த ‘வசந்தசேனா’வில் உடன் நடித்த டி. ஏ. மதுரம் அவர் மனைவியாராயினார். இவ்விருவர் காட்சிகளை ஊன்றி நோக்குக. வீரம் பேசுபவன் கணவன். வாதில் வெல்பவள் மனைவி. மனைவியைப் பேதையாக்கிச் சிரிப்பூட்டுதல் அன்றும் இன்றும் மலிந்த வழக்கு. அவ்வழக்கினின்றும் விலகித் தம்மையே எள்ளற்பொருளாக்கியது சிறு செயலன்று.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைதானார். இராயபுரத்தினின்று கடற்கரைச் சாலை வழியே நகருட் செல்வோர், துறைமுகத்துக்கு எதிரே காணும் செந்நிற உயர் நீதிமன்றத்திலேயே விசாரணை நிகழ்ந்தது. 1945இல் இருவர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்ற முறையீட்டின் பயனாக வழக்கு மீண்டும் ஆராயப்பெற்று, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். பாகவதரின் பழம்புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனோ மீண்டும் மக்களைச் சிரிக்கச் செய்தார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பல கூறலாம். காதலனாக நின்று பாடியவர்க்கு மாசற்ற தோற்றமே முதல். தம்மை எள்ளித் தாமே நகைத்துப் பழகியவர்க்கு அவமானம் புதியதன்று. இஃது எம் ஊகமே.

அவர் ஆற்றலின் உச்சம், அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ (1949) படத்தில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அறிந்தோர்க்கு அதன் சுவை இரட்டிக்கும். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தனோ கல்வி வேண்டிப் பட்டணம் போக ஏங்குகின்றான். தாழ்த்தப்பட்டவன் என்று அவனை ஒதுக்கிய ஊர்க்கே அவன் கற்றுத் தேர்ந்து அதிகாரியாய்த் திரும்புகின்றான். பாகவதர்க்குரிய கோலம், பின்பாட்டு, இடையிடையே கதை விளக்கம் என யாவும் மரபு வழுவாதன. மரபை அறியாதவன் அதனைப் பகடி செய்தல் இயலாது. இங்கே நகைக்கு இலக்கு கிந்தனல்லன். அவனைப் படிக்கவொட்டாத ஊரே. கீழிருப்பவனை எள்ளும் மேடைப் பழக்கம் இங்குத் தலைகீழாயிற்று. படிப்பறியாத தொழிலாளர்க்கும் இக்கதை எட்டிற்று என்றால், அதற்கு அறிவுரையன்று, பாட்டே காரணம்.

‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களை அவரே இயக்கினார். 1956இல் வந்த ‘ராஜா ராணி’யில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டியே ஒரு பாட்டைப் பாடினார். மெய்ப்பாட்டியல் பயிலும் மாணவர் அதனை ஒருமுறையேனும் காணல் நன்று. ஏட்டில் இலக்கணமாய்க் கிடப்பது ஆங்கு ஒரு முகத்தில் நிகழ்கின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், ஐம்பது நிரம்புமுன், அவர் சென்னையிற் காலமானார்.