கிரேஹவுண்டுக்கு இப்போதே ரத்தம் பாருங்கள்

டார்வினிலும் வடக்குக் குயின்ஸ்லாந்திலும் அக்டோபர் புழுக்கம் ஏறத் தொடங்கிவிட்டது. வெக்கையும் ஈரமும் சேரும் இந்த மாதங்களில்தான் பழுப்பு நாய் உண்ணி மளமளவென்று பெருகும். பந்தய கிரேஹவுண்டுகளைப் பழக்குபவர்களும், ஓய்வுபெற்ற நாயைத் தத்தெடுத்திருக்கும் குடும்பங்களும் மழை பிடிப்பதற்குள் சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை, நாய் நலமாக இருக்கும்போதே முழு ரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது. கிரேஹவுண்டின் ரத்தமே தனி. சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. அளவு மற்ற நாய்களுக்கு 37 முதல் 55 சதவீதம். கிரேஹவுண்டுக்கு 50-க்கு மேல், 60-ஐத் தாண்டுவதும் உண்டு. 40 என்று வந்தால் பொது அட்டவணைப்படி எல்லாம் சரி. உண்மையில் அந்த நாய்க்கு ரத்தசோகை. தட்டணுக்களில் கதை தலைகீழ். மற்ற நாய்களுக்கு 2 லட்சத்துக்குக் கீழே போனால் கவலைப்படுவார்கள். கிரேஹவுண்டுக்கு ஒன்றரை லட்சம் இயல்பே. உண்ணிக் காய்ச்சலில் சீக்கிரமே குறைவதும் தட்டணுக்கள்தான். பழைய தாள் கையில் இருந்தால் மருத்துவர் தடுமாற மாட்டார்.

உண்ணிக் காய்ச்சல் தரும் எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி ஆஸ்திரேலியாவின் உள்ளூர் நாய்களிடம் முதன்முதலாகத் தெரியவந்தது 2020 மே மாதம், கிம்பர்லி பகுதியில். விரைவிலேயே வடக்குப் பிரதேசத்திலும் கண்டார்கள். பபேசியா என்ற இன்னொரு உண்ணிநோய்க் கிருமி அதற்கு முன்பிருந்தே உண்டு. ஒரே உண்ணியினம் இரண்டையும் பரப்பும் என்பதால் ஒன்று உறுதியானாலும் மற்றதற்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடும் நாயிடம் நோய் முதலில் ஓட்டத்தில் தெரியலாம்: நேரம் கூடும், களைப்பு ஆறத் தாமதமாகும். பிறகு காய்ச்சல், சோற்றில் வெறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், கண்ணில் மங்கல். பந்தயம் முடிந்தபின் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசைச் சிதைவாகவும் இருக்கலாம், பபேசியாவாகவும் இருக்கலாம். எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். தொற்றிய முதல் வாரங்களில் உடனடிச் சோதனை அட்டை ‘இல்லை’ என்று காட்டக்கூடும். பி.சி.ஆர். சோதனை கேளுங்கள்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், வழக்கமாக 28 நாள். இரண்டாம் மூன்றாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும். அப்போது மருந்தை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தரும் செயல். எலும்பு மஜ்ஜையில் தங்கிவிடும் கிருமி மாதங்கள் கழித்துத் திரும்பினால் காப்பாற்றுவது கடினம். மாத்திரையைச் சோற்றோடு கொடுத்து, தண்ணீரும் குடிக்க வையுங்கள், பால் வேண்டாம். பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி, பெரும்பாலும் இரு வார இடைவெளியில் இரண்டு. வலிக்கும், எச்சில் ஒழுகும், வாந்தியும் வரலாம். அளவை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். சிகிச்சை முடியும்வரை பந்தயம் கூடாது.

தடுப்பில் இரண்டும் வேண்டும்: உண்ணியைக் கொல்லும் மாத்திரை, கடிக்கவே விடாமல் விரட்டும் கழுத்துப்பட்டை. எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே உடலுக்குள் போய்விடும். மாத்திரையோ உண்ணி கடித்த பிறகுதான் வேலை செய்யும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள எதையும் வாங்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.

கொட்டிலை மறந்தால் மற்றதெல்லாம் வீண். இந்த உண்ணி சுவர் ஏறும். விரிசலிலும் கட்டிலடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களைப் பூசுங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள், மருந்தடிப்பவரை இப்போதே அழையுங்கள்.

கிரேஹவுண்டுகள் ரத்ததானத்துக்கு அதிகம் அழைக்கப்படுபவை. கொடுக்குமுன் உண்ணி நோய்ச் சோதனை முடிந்திருக்க வேண்டும். தெற்கே அனுப்பும் நாயைக் காதுமடல், விரலிடுக்கு, வாலடி வரை தடவிப் பார்த்து அனுப்புங்கள். எர்லிக்கியா என்று சந்தேகம் வந்தால் அறிவிப்பது சட்டப்படி கடமை: அவசர விலங்கு நோய்த் தொலைபேசி 1800 675 888.