மடிக்கணினிக்குக் கூலிங் பேட் அவசியமா?

மாணவர்களே, கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பிற்பகல் 3 மணிக்கு மடிக்கணினியில் வீட்டுப்பாடம் செய்தால் என்ன நடக்கிறது? அடிப்பகுதி சுடுகிறது, விசிறி இரைகிறது, வேலை மெதுவாகிறது. “கூலிங் பேட் வாங்கிக் கொடுங்கள்” என்று அப்பாவிடம் கேட்பதற்கு முன், அந்தச் சூடு எப்படி உண்டாகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்போம்.

சூடு போகும் வழி

மடிக்கணினி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகிவிடுகிறது. 30 வாட் மின்சாரம் உள்ளே போனால், 30 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். கடுமையாக உழைக்கும்போது அதில் பெரும்பகுதி மையச் செயலி என்ற சிறு சில்லில் உண்டாகிறது.

பல மடிக்கணினிகளில் அந்தச் சில்லின்மேல் செம்பால் ஆன வெப்பக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால், அந்த நீர் 100 பாகை செல்சியசுக்கு வெகு கீழேயே ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்குச் சென்று, மெல்லிய உலோகத் தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிறது. விசிறி அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுத்து, அந்த வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. மெத்தையில் வைத்தால் இந்தத் துளைகள்தாம் அடைபடுகின்றன.

கூலிங் பேட் என்ன செய்கிறது?

பெயரில் ‘கூலிங்’ இருந்தாலும், பெரும்பாலானவை விசிறிகள் பொருத்திய தாங்கிகளே. அறைக் காற்று 33 பாகை என்றால், அவை வீசுவதும் 33 பாகைக் காற்றுதான். விசிறியின் கீழ் நமக்குக் குளிர்வதற்கு வியர்வை ஆவியாவது முக்கியக் காரணம். மடிக்கணினிக்கு வியர்ப்பதில்லை. ஆகவே எந்த விசிறியாலும் அதை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சூடான காற்றை விரைவாக அகற்றிப் புதுக் காற்றைக் கொண்டுவர மட்டுமே முடியும்.

அதைவிடக் குளிர வேண்டுமென்றால் குளிர்சாதனம் வேண்டும். சைபர்ஜெயாவில் மைய நிலையத்தில் நீரைக் குளிர வைத்து, குழாய்கள் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்புவது இதனால்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். செயலி 90 பாகை, அறை 33 பாகை என்றால் வேறுபாடு 57. அறை 25 பாகையானால் வேறுபாடு 65. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. எனவே குளிர்ந்த அறைக்கு மாறினாலே வெப்பம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வேகமாக வெளியேறும்.

யாருக்குத் தேவை?

செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். பல செயலிகள் 100 பாகையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். மேலும் சூடேறினால் கணினியே நின்றுவிடும். சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். எனினும் குறிப்பெழுதுதல், இணைய வகுப்பு போன்றவற்றுக்கு வழக்கமாக அந்த நிலை வராது. நீண்ட நேரம் விளையாட்டு, காணொளித் தொகுப்பு என்று உழைக்கும் கணினிக்கு, அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகளும் இருந்தால், கூலிங் பேட் உதவும். 2020-இல் வந்த எம்1 மெக்புக் ஏர் போன்ற விசிறியில்லாக் கணினிகளுக்குப் பயன் குறைவு. பேட்டின் விசிறி காற்றைக் கீழ்நோக்கி இழுத்தால், மடிக்கணினியின் விசிறியோடு மல்லுக்கட்டும். வாங்குமுன் இதைக் கவனியுங்கள்.

மின்கலத்தை மறந்துவிடாதீர்கள். தொடர்ந்த சூடு லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மடிக்கணினியை விட்டுச் செல்லாதீர்கள்.

நீங்களே சோதியுங்கள்

மடிக்கணினியை மேசையில் வைத்து 15 நிமிடம் ஒரு காணொளியை ஓடவிட்டு, வெப்பநிலை காட்டும் மென்பொருளில் அளவைக் குறியுங்கள். அது ஆறியபின், பின்பக்கத்தை இரண்டு அழிப்பான்கள்மேல் உயர்த்தி, துளைகளை மறைக்காமல், மீண்டும் அதையே செய்யுங்கள்.

தற்சார்பு மாறி: மேசைக்கும் கணினிக்கும் உள்ள இடைவெளி.
சார்பு மாறி: செயலியின் வெப்பநிலை.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: காணொளி, நேரம், அறை வெப்பநிலை.

முதலில் கெட்டியான மேசை, அடுத்து இடைவெளி, பிறகு கடையில் கொடுத்துத் தூசு அகற்றுதல். இவை மூன்றும் செய்த பிறகும் கணினி சூட்டால் வேகம் குறைந்தால், அப்போது அப்பாவிடம் கேளுங்கள். நீங்கள் குறித்த அளவுகளையும் கையோடு காட்டுங்கள்.