மூச்சுச் சோதனையும் நீதிமன்றச் சான்றும்

சாலையில் ஊதச் சொல்லும் கருவியை நம்பலாமா என்று தோட்டப்புறங்களில் பலர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். லோரி ஓட்டிப் பிழைப்பவரின் உரிமம் பறிபோனால் அவர் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2020 அக்டோபர் 23-இல் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த மதுவின் வரம்பு 22 ஆகவும், இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது 50 ஆகவும் குறைக்கப்பட்டன. மீறினால் முதல் குற்றத்திற்கே 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம்; ஈராண்டு வரை சிறையும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டந்தான். குடித்தது கள்ளா, பீரா, சம்சுவா என்று கருவி பார்ப்பதில்லை.

குடித்த மது இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வெளிப்படுகிறது. ஆகையால் மூச்சை அளந்தால் இரத்தத்தின் நிலை ஓரளவு விளங்கும். ஓரளவு என்றே கூறுகிறோம். இவ்விரண்டின் விகிதம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஆயினும், மூச்சுக்கெனத் தனி வரம்பே சட்டத்தில் இருப்பதால், விகிதத்தைக் காட்டி வழக்காடுவதில் பெரும் பயனில்லை.

கவனிக்கத்தக்க குறை வேறொன்று. குடித்தவுடனே ஊதினால், வாயில் தங்கிய மது எண்ணை உயர்த்திக் காட்டும். மது கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தும் அப்படியே. 15 அல்லது 20 நிமிடங்களில் அது நீங்கிவிடும். இதனாலும் சாலையோரச் சோதனை முதற்படி மட்டுமே. அதில் வரம்பை மீறியவரிடம் காவல் நிலையத்தில் இருமுறை மூச்சு பெறப்படும். இரண்டில் குறைந்த எண்ணே சான்றாகக் கொள்ளப்படும்.

வெற்றிலையும் ஏலக்காயும் வாடையை மறைக்கலாம், எண்ணை மறைக்கமாட்டா. கோப்பியும் குளியலும் மதுவை விரைந்து வெளியேற்றுவதில்லை. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே இரத்தத்தில் அது குறைகிறது. நள்ளிரவில் 150 இருந்தவருக்கு, பெரட்டுக்குப் புறப்படும் காலை 6 மணிக்கும் ஏறத்தாழ 60 இருக்கும். உறங்கி எழுந்தோம் என்று அவர் நினைப்பார். சட்டப்படி இன்னும் வரம்புக்கு மேலேதான் இருக்கிறார்.

தள்ளாட்டம், நாக்குழறல், மதுவாடை ஆகியவற்றைப் போலீஸ் அதிகாரி கண்டதாகக் கூறும் சாட்சியமும் நீதிமன்றத்தில் எடுபடும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோன நீரிழிவு நோயாளியும் தள்ளாடுவார். அத்தகையோர் தம் நோயை அதிகாரியிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். உடல்நிலை காரணமாக ஊத இயலாதவரிடம் இரத்தமோ சிறுநீரோ கேட்கப்படும். தக்க காரணமின்றி மறுப்பது தனிக் குற்றம். “ஊதாவிட்டால் சான்றே இல்லை” என்று திண்ணையில் சொல்லப்படும் யோசனை ஆளைச் சிறைக்கே அனுப்பிவிடும்.

இரத்தம் எடுக்கப்படும் வேளையிலேயே மாதிரியில் ஒரு பகுதியைத் தமக்குத் தருமாறு ஓட்டுநர் கேட்கலாம். அப்படிக் கேட்டவருக்கு, இரண்டாகப் பிரித்த மாதிரியில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அதனைத் தனியே சோதித்து, அரசுத் தரப்பின் எண்ணோடு நீதிமன்றத்தில் ஒப்பிட்டுக் காட்டலாம். அன்று கேளாமல் விட்டவருக்கு அந்த வாய்ப்பு மீண்டும் கிட்டாது.